லினக்ஸ் கோப்பு மேலாளர் கோப்பின் வகையைத் தப்பாகக் காட்டுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரலை டபுள் கிளிக் செய்தால் வீடியோ பிளேயர் திறக்கிறது. மின்னூல் ஒன்று ஜிப் ஐகானோடு உட்கார்ந்திருக்கிறது. கோப்புறையைத் திறந்தால் நிரல் எழுதும் எடிட்டர் எழுந்து வருகிறது. மூன்றும் ஒரே கோளாறு போலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் கையில் கிடைத்த மருந்தைக் கொடுத்தால் ஒன்று சரியாகி இன்னொன்று கெடும்.

பெரும்பாலானோர் முதலில் செய்வது இதுதான்: ரைட் கிளிக், ஓபன் வித், வேறு செயலியைத் தேர்ந்தெடுத்து 'எப்போதும் இதையே பயன்படுத்து' என்று டிக் போடுவது. டைப்ஸ்கிரிப்ட் கோப்புக்கு இப்படி டெக்ஸ்ட் எடிட்டரைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? கோப்பு மேலாளர் அந்தக் கோப்பை எம்பெக் வீடியோ என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறது. ஆகவே 'எம்பெக் வீடியோவை டெக்ஸ்ட் எடிட்டரில் திற' என்று எழுதி வைத்துக்கொள்ளும். அப்புறம் உண்மையான வீடியோவைத் திறந்தாலும் எடிட்டரே வரும். வகையில் தப்பு இருக்கும்போது செயலியை மாற்றக் கூடாது.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளையும் பாதைகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது: தப்பு எந்த அடுக்கில்?

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பைத் திறப்பதற்குள் மூன்று முடிவுகள் எடுக்கப்படுகின்றன. பெயரைப் பார்த்து வகை என்ன என்று ஒரு முடிவு. பெயரில் தெளிவு கிடைக்காவிட்டால் மட்டும், உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பார்த்து இன்னொரு முடிவு. வகை தெரிந்தபின் அதற்கு எந்தச் செயலி என்பது மூன்றாவது முடிவு.

முதல் இரண்டுக்கும் அடிப்படை, ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் ஷேர்ட்-மைம்-இன்ஃபோ என்ற தரவுத்தளம். (மைம் என்பது கோப்பு வகைகளுக்குப் பெயர் வைக்கும் முறை.) அது /யுஎஸ்ஆர்/ஷேர்/மைம் என்ற கோப்புறையில் இருக்கிறது. உங்கள் சொந்தத் திருத்தங்களுக்கு ஹோம் கோப்புறையில் ~/.லோக்கல்/ஷேர்/மைம் இருக்கிறது. குனோமின் நாட்டிலஸ், நீமோ, காஹா, துனார் ஆகிய கோப்பு மேலாளர்கள் எல்லாம் ஜிலிப் நூலகத்தின் ஜிஐஓ வழியாக இதைப் படிக்கின்றன. கேடிஇயின் டால்பின் க்யூட்டி நூலகம் வழியாகப் படிக்கிறது. படிக்கும் வழி வேறானாலும் தரவுத்தளம் ஒன்றுதான். அதனால்தான் ஒரே கோப்பு பல கோப்பு மேலாளர்களில் ஒரே மாதிரி தப்பாகத் தெரிகிறது. கோப்பு மேலாளரை மாற்றிப் பார்ப்பது பெரும்பாலும் வீண் வேலை.

பெயரைப் பொருத்தும் விதியில் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். ஒவ்வொரு பெயர் வடிவத்துக்கும் 0 முதல் 100 வரை ஓர் எடை உண்டு. எதுவும் சொல்லாவிட்டால் 50. எடை கூடியது ஜெயிக்கும். எடை சமமானால் நீளமான வடிவம் ஜெயிக்கும்; .டார்.ஜிஇசட் என்று முடியும் கோப்பு வெறும் ஜிஇசட் ஆகாமல் டார் தொகுப்பாகத் தெரிவது இதனால்தான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொதுவாகப் பார்க்கப்படாது. சி மொழி ஒரு விதிவிலக்கு: சிறிய எழுத்து .சி என்றால் சி நிரல், பெரிய எழுத்து என்றால் சி++ நிரல்.

சரி, சோதனைக்கு வருவோம். டெர்மினலைத் திறந்து இரண்டு கட்டளைகளை ஓட்டுங்கள்.

முதலாவது, 'ஜிஐஓ இன்ஃபோ' என்று அடித்துப் பக்கத்தில் கோப்பின் பெயர். வரும் பட்டியலில் ஸ்டாண்டர்ட்::கன்டென்ட்-டைப் என்ற வரியைப் பாருங்கள். குனோம் வழிவந்த கோப்பு மேலாளர்களின் முடிவு அதுதான். கேடிஇ பயன்படுத்துகிறவர்களுக்கு கேமைம்டைப்ஃபைண்டர் இருக்கிறது (சில விநியோகங்களில் பெயரின் முடிவில் 5 சேர்ந்திருக்கும்). அதில் -எஃப் கொடுத்தால் பெயரை மட்டும் பார்க்கும், -சி கொடுத்தால் உள்ளடக்கத்தைப் பார்க்கும். இரண்டையும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி.

இரண்டாவது, 'ஃபைல் --மைம்-டைப்' என்று அடித்துக் கோப்பின் பெயர். ஃபைல் கட்டளை மிகப் பழையது, 1973ஆம் ஆண்டின் யூனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது. அது எக்ஸ்டென்ஷனை (பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதியை) கண்டுகொள்ளாது, உள்ளே இருப்பதை மட்டும் பார்க்கும். பயன்படுத்துவதும் லிப்மேஜிக் என்ற வேறு தரவுத்தளம். ஆகவே வெளியிலிருந்து வரும் இரண்டாவது அபிப்பிராயம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜிஐஓ தப்பாகவும் ஃபைல் சரியாகவும் சொன்னால் கோப்பின் பெயர் ஏமாற்றுகிறது, அல்லது அந்த எக்ஸ்டென்ஷனுக்கு இரண்டு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சரியாகச் சொல்லியும் வேறு செயலி திறந்தால் தப்பு மூன்றாவது அடுக்கில். இரண்டுமே தப்பாகச் சொன்னால் கோப்பின் உள்ளடக்கத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இரண்டு தரவுத்தளங்களும் ஒரே வகைக்கு வேறு பெயர் வைத்திருப்பதுண்டு. ஷெல் ஸ்கிரிப்டை ஃபைல் கட்டளை டெக்ஸ்ட்/எக்ஸ்-ஷெல்ஸ்கிரிப்ட் என்று சொல்லும், ஜிஐஓ அப்ளிகேஷன்/எக்ஸ்-ஷெல்ஸ்கிரிப்ட் என்று சொல்லும். இதை முரண்பாடு என்று நினைத்துத் துரத்த வேண்டாம்.

அறிகுறி: ஐகான் சரியாக இருக்கிறது, திறந்தால் 'இது ஜேபெக் கோப்பு அல்ல' என்கிறது

இணையத்திலிருந்து இறக்கிய படங்களில் இது அடிக்கடி வரும். பெயர் .ஜேபிஜி என்று முடிகிறது. எக்ஸ்டென்ஷன் தெளிவாக இருப்பதால் கோப்பு மேலாளர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் ஜேபெக் படம் என்று முடிவு செய்துவிடுகிறது. படம் காட்டும் செயலிதான் திறந்து பார்த்துவிட்டுப் புகார் சொல்கிறது.

அந்தப் பிழைச்செய்தியை மூடிவிடாமல் படியுங்கள். ஜேபெக் நூலகம் கோப்பின் முதல் இரண்டு பைட்டுகளைப் பதினாறடி எண்ணில் அதிலேயே சொல்லிவிடும். 89 50 என்றால் உள்ளே இருப்பது பிஎன்ஜி. 52 49 என்றால் ரிஃப் வடிவம், படமாக இருந்தால் பெரும்பாலும் வெப்பி. 47 49 என்றால் ஜிஃப். 25 50 என்றால் பிடிஎஃப். 50 4பி என்றால் ஜிப் குடும்பம். உண்மையான ஜேபெக் எஃப்எஃப் டி8 என்றுதான் தொடங்கும். 00 00 என்று வந்தால் ஐந்தாவது பைட்டிலிருந்து எஃப்டைப் என்ற நான்கு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஹெய்க் அல்லது ஏவிஃப் படமாக இருக்கலாம்.

எக்ஸ்டென்ஷனை மாற்றிப் பெயரிட்டால் வேலை முடிந்தது. நூற்றுக்கணக்கில் இருந்தால் எக்ஸிஃப்டூல் உதவும்: உள்ளடக்கத்தைப் படித்து, கோப்புக்கு உரிய எக்ஸ்டென்ஷனை ஃபைல்டைப்எக்ஸ்டென்ஷன் என்ற டேகில் தருகிறது. பெயர் மாற்றும் கட்டளையை மொத்தமாக ஓட்டும் முன், ஏற்கெனவே அதே பெயரில் வேறு கோப்பு இருந்தால் மேலெழுதாதபடி எம்வி கட்டளைக்கு -என் கொடுங்கள்.

முதல் பைட் 3சி என்று வந்தால் அது கோணக்குறி. அதாவது உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம்: இறக்கும்போது தளம் படத்தையோ பிடிஎஃப்பையோ தராமல் 'உள்நுழைக' அல்லது 'கிடைக்கவில்லை' என்ற பக்கத்தைக் கொடுத்திருக்கிறது. இங்கே பெயரை மாற்றிப் பயனில்லை, திரும்ப இறக்க வேண்டியதுதான். டெக்ஸ்ட் எடிட்டரில் ஒருமுறை திறந்து பார்த்தால் ஏன் கிடைக்கவில்லை என்ற காரணமும் அங்கேயே எழுதியிருக்கும்.

அறிகுறி: டைப்ஸ்கிரிப்ட் நிரல் வீடியோவாகத் தெரிகிறது

.டிஎஸ் என்ற எக்ஸ்டென்ஷனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உரிமையாளர்கள். எம்பெக் டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்ற ஒளிபரப்பு வீடியோ வடிவம் ஒன்று. க்யூட்டி லிங்விஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியின் கோப்பு இன்னொன்று. டைப்ஸ்கிரிப்ட் இவற்றுக்குப் பின்னால் வந்தது. உங்கள் தரவுத்தளத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, /யுஎஸ்ஆர்/ஷேர்/மைம்/குளோப்ஸ்2 என்ற கோப்பில் கிரெப் என்ற தேடும் கட்டளையைக் கொண்டு '.டிஎஸ்' என்று தேடுங்கள். ஒவ்வொரு வரியிலும் எடை, வகை, பெயர் வடிவம் என்று மூன்றும் இடையில் முக்காற்புள்ளியுடன் இருக்கும். 50, வீடியோ/எம்பி2டி, *.டிஎஸ் என்று ஒரு வரி கண்ணில் படும்.

எடை சமமாக இரண்டு உரிமையாளர்கள் இருந்தால் உள்ளடக்கம் பார்க்கப்படும். டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் ஒவ்வொரு பொட்டலமும் 188 பைட், ஒவ்வொன்றின் முதல் பைட்டும் பதினாறடி எண்ணில் 47. லிங்விஸ்ட் கோப்பு எக்ஸ்எம்எல். டைப்ஸ்கிரிப்ட் நிரலோ எந்த அடையாளமும் இல்லாத வெறும் உரை, எதனோடும் பொருந்தாது. பொருந்தாவிட்டால் பெயருக்கு உரிமை கொண்டாடியவர்களில் ஒருவரிடமே முடிவு திரும்பிப் போகிறது. நிரல் வீடியோ ஆகிவிடுகிறது.

இதற்குச் சரியான தீர்வு, டைப்ஸ்கிரிப்ட் என்ற வகையை நீங்களே எழுதிச் சேர்ப்பது. ~/.லோக்கல்/ஷேர்/மைம்/பேக்கேஜஸ் என்ற கோப்புறையை உருவாக்குங்கள். அதற்குள் டைப்ஸ்கிரிப்ட்.எக்ஸ்எம்எல் என்று ஒரு கோப்பு. தலைப்பு வரியையும் மைம்-இன்ஃபோ என்ற வெளி உறுப்பையும் /யுஎஸ்ஆர்/ஷேர்/மைம்/பேக்கேஜஸ் கோப்புறையில் இருக்கும் ஃப்ரீடெஸ்க்டாப்.ஆர்க்.எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து அப்படியே நகலெடுங்கள். நேம்ஸ்பேஸ் முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும் ஏற்காது, அதனால் கையால் அடிக்காமல் இருப்பது நல்லது. உள்ளே ஒரு மைம்-டைப் உறுப்பு, அதன் டைப் மதிப்பு டெக்ஸ்ட்/எக்ஸ்-டைப்ஸ்கிரிப்ட். அதனுள் ஒரு கமெண்ட், பண்புகள் சாளரத்தில் தெரிய வேண்டிய விளக்கம். அடுத்து ஒரு குளோப் (பெயர் வடிவத்தைச் சொல்லும் உறுப்பு), பேட்டர்ன் மதிப்பு *.டிஎஸ், வெயிட் மதிப்பு 60. அவ்வளவுதான். டெக்ஸ்ட்/ என்று தொடங்கும் வகைகளெல்லாம் தாமாகவே சாதாரண உரையின் கிளைகளாக எடுத்துக்கொள்ளப்படும். எனவே தனிச் செயலி எதையும் நியமிக்காவிட்டாலும் டெக்ஸ்ட் எடிட்டரில் திறக்கும்.

சேமித்துவிட்டு, 'அப்டேட்-மைம்-டேட்டாபேஸ் ~/.லோக்கல்/ஷேர்/மைம்' என்று ஓட்டுங்கள். பேக்கேஜஸ் கோப்புறையின் பெயரை இதில் சேர்க்கக் கூடாது, அதற்கு மேலே உள்ள மைம் கோப்புறையைத்தான் கொடுக்க வேண்டும். எக்ஸ்எம்எல்லில் தப்பு இருந்தால் இந்தக் கட்டளையே எந்த வரி என்று சொல்லும். முடிந்ததும் ஜிஐஓ இன்ஃபோவை மறுபடி ஓட்டினால் புது வகை தெரியும்.

இதற்கு ஒரு விலை உண்டு. எடை 60 என்று கொடுத்தபின் .டிஎஸ் என்று முடியும் எல்லாமே உரையாகிவிடும், உண்மையான வீடியோ உட்பட. தொலைக்காட்சிப் பதிவுகளும் உங்களிடம் இருந்தால் அவற்றுக்கு .எம்2டி என்று பெயர் மாற்றுங்கள். அந்த எக்ஸ்டென்ஷனும் அதே வீடியோ வகைக்கு உரியதுதான். நிரலாளர் ஒருவரின் கணினியில் இது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

இதே தகராறு வேறு எக்ஸ்டென்ஷன்களிலும் உண்டு. .எம் என்பது மேட்லாபுக்கும் அப்ஜெக்டிவ்-சிக்கும். .கீ என்பது பிஜிபி சாவிக்கும் ஆப்பிள் கீநோட்டுக்கும். .பிசிஎஃப் என்பது எழுத்துருவுக்கும் ஒரு விபிஎன் அமைப்புக் கோப்புக்கும். எல்லாவற்றுக்கும் வைத்தியம் ஒன்றே: நீங்கள் அதிகம் பயன்படுத்தும் வகைக்கு எடையைக் கூட்டுங்கள்.

அறிகுறி: சாதாரண உரைக் கோப்பு வேறு ஏதோவாகத் தெரிகிறது

இதில் இரண்டு ரகம். ஒன்று, பெயரால் வருவது. லாக் கோப்புகள் சுழற்சியில் சிஸ்லாக்.1, சிஸ்லாக்.2 என்று பெயர் பெறும். புள்ளிக்குப் பின் 1 முதல் 9 வரை ஓர் இலக்கம் வந்தால் அது யூனிக்ஸ் கையேட்டுப் பக்கம் என்று தரவுத்தளம் சொல்கிறது, ஏனென்றால் கையேட்டுப் பக்கங்களின் பெயர் அப்படித்தான் முடியும். 'அறிக்கை.2' என்று பதிப்பு எண் போட்டுச் சேமிக்கிறவர்களுக்கும் இதே கதி.

பெயரில் எண்ணை முன்னால் கொண்டுவந்து 'அறிக்கை-2.டிஎக்ஸ்டி' என்று மாற்றுவது சுலபம். லாக் கோப்புகளை அப்படி மாற்ற முடியாது என்றால், முன்பு சொன்ன மாதிரி ஒரு எக்ஸ்எம்எல் எழுதி, அப்ளிகேஷன்/எக்ஸ்-டிராஃப்-மேன் வகைக்குள் குளோப்-டெலீட்ஆல் என்ற உறுப்பைப் போடுங்கள். அந்த வகையின் பழைய பெயர் வடிவங்கள் எல்லாம் நீங்கும். அதற்குக் கீழே *.மேன் என்ற வடிவத்தை மட்டும் திரும்பச் சேருங்கள். மேன் கட்டளை இந்தத் தரவுத்தளத்தைப் பார்ப்பதில்லை, அதனால் கையேடு படிப்பதில் எந்த மாற்றமும் வராது.

இன்னொரு ரகம், எக்ஸ்டென்ஷனே இல்லாத உரை. இங்கே பெயரில் துப்பு இல்லாததால் முதல் எழுத்துகள்தான் முடிவு செய்யும். 'இன்டெக்ஸ்:' என்ற ஆங்கிலச் சொல்லோடும் முக்காற்புள்ளியோடும் தொடங்கும் குறிப்புக் கோப்பு, மூல நிரலுக்கான பேட்ச் கோப்பாகத் தெரியும். பழைய பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எழுதும் பேட்ச் கோப்புகள் அப்படித்தான் தொடங்கும். 'டிஃப்', 'ஒன்லி இன்' என்ற தொடக்கங்களுக்கும் அதே விளைவு. எக்ஸ்டென்ஷன் வைத்துவிட்டால் இந்த ஊகமே தேவைப்படாது.

உரை என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் கோப்பு மேலாளர் 'அறியப்படாத இருமக் கோப்பு' என்கிறது என்றால், அது யுடிஎஃப்-16 குறியாக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குறியாக்கத்தில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பூஜ்ய பைட் இருக்கும். தொடக்கத்தில் பிஓஎம் என்ற குறி இருந்தால் உரை என்று புரிந்துகொள்ளும். இல்லாவிட்டால் பூஜ்யங்களைப் பார்த்து இருமம் என்று முடிவு கட்டிவிடும். ஐகான்வ் கட்டளையால் யுடிஎஃப்-8க்கு மாற்றிவிடுங்கள். இன்றைக்கு உரைக் கோப்பை வேறு குறியாக்கத்தில் வைத்திருக்க நல்ல காரணம் அரிது.

அறிகுறி: மின்னூல் அல்லது ஓபன் டாக்குமென்ட் கோப்பு ஜிப் ஆகத் தெரிகிறது

இபப், ஓடிடி, ஓடிஎஸ், டாக்எக்ஸ் எல்லாமே அடிப்படையில் ஜிப் தொகுப்புகள்தாம். எக்ஸ்டென்ஷன் சரியாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. எக்ஸ்டென்ஷன் போன பிறகோ, ஃபைல் கட்டளையால் சோதிக்கும்போதோ, மின்னூல் வாசிப்பான் ஏற்க மறுக்கும்போதோதான் தெரியவரும். பெரும்பாலும் இது, யாரோ ஒருவர் கோப்பைப் பிரித்து உள்ளே ஒரு திருத்தம் செய்து, கோப்பு மேலாளரின் 'கம்ப்ரெஸ்' வசதியால் திரும்ப மூடிய பிறகு நடக்கும்.

ஏன் என்று பார்ப்போம். இபப்பும் ஓபன் டாக்குமென்ட்டும் தம்மை அடையாளம் காட்ட ஒரு நுணுக்கமான ஏற்பாடு வைத்திருக்கின்றன. தொகுப்பின் முதல் உறுப்பாக மைம்டைப் என்ற சின்னக் கோப்பு இருக்க வேண்டும், அது சுருக்கப்படாமல் இருக்க வேண்டும். ஜிப்பில் ஒவ்வொரு உறுப்பின் தலைப்பும் 30 பைட். அதற்குப் பின் உறுப்பின் பெயர். மைம்டைப் என்பது ஆங்கிலத்தில் 8 எழுத்து. ஆக, பூஜ்யத்திலிருந்து எண்ணினால், 38ஆம் பைட்டிலிருந்து அப்ளிகேஷன்/இபப்+ஜிப் என்ற உரை படிக்கும்படி அப்படியே நிற்கும். வகை கண்டறியும் மென்பொருள் ஜிப்பைத் திறக்காமலே அந்த இடத்தைப் பார்த்து இது மின்னூல் என்று சொல்லிவிடும்.

கம்ப்ரெஸ் வசதிக்கு இந்த ஏற்பாடு தெரியாது. உறுப்புகளைத் தனக்குத் தோன்றிய வரிசையில் அடுக்கும், மைம்டைப்பையும் சேர்த்துச் சுருக்கும், பெயருக்குப் பின்னால் நேர முத்திரை போன்ற கூடுதல் புலங்களைச் செருகும். மூன்றில் எது நடந்தாலும் 38ஆம் பைட்டில் அந்த உரை இருக்காது.

ஜிப்இன்ஃபோ கட்டளையால் தொகுப்பின் பட்டியலைப் பாருங்கள். முதல் வரியில் மைம்டைப் இருக்கிறதா, அதன் பக்கத்தில் 'ஸ்டோர்' என்பதன் சுருக்கம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால் ஒரு காலிக் கோப்புறையில் பிரித்து, இரண்டு படியில் மூடுங்கள். முதல் படியில் ஜிப் கட்டளைக்குப் பெரிய எழுத்து -எக்ஸ், -0 இரண்டையும் கொடுத்து, புதிய தொகுப்பின் பெயரையும் மைம்டைப் என்ற ஒரே கோப்பையும் மட்டும் கொடுங்கள். பெரிய எழுத்து எக்ஸ் கூடுதல் புலங்களைத் தவிர்க்கும், 0 சுருக்காமல் வைக்கும். இரண்டாம் படியில் அதே தொகுப்பில் மற்றவற்றை -ஆர் கொடுத்துச் சேருங்கள். மைம்டைப்பை மட்டும் சிறிய எழுத்து -எக்ஸ் கொடுத்து விலக்குங்கள். கோப்புறைக்கு உள்ளே நின்றுகொண்டு செய்ய வேண்டும். வெளியிலிருந்து செய்தால் எல்லாப் பாதைகளின் முன்னாலும் கோப்புறையின் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

டாக்எக்ஸ் குடும்பத்துக்கு இப்படி ஓர் அடையாளக் கோப்பு கிடையாது. அங்கே எக்ஸ்டென்ஷனைக் காப்பாற்றுவதுதான் வழி.

அறிகுறி: கணினியில் சரியாக இருக்கும் கோப்பு, நெட்வொர்க்கிலோ கைப்பேசியிலோ தெரியாத வகையாகிறது

சாம்பா பகிர்வு, எஸ்எஃப்டிபி, எம்டிபி வழியாக இணைத்த கைப்பேசி இவற்றில் ஒவ்வொரு கோப்பையும் திறந்து படித்தால் கோப்புறை திறக்கவே நெடுநேரம் ஆகும். அதனால் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யப்படுகிறது. ஜிஐஓ இன்ஃபோவில் ஸ்டாண்டர்ட்::ஃபாஸ்ட்-கன்டென்ட்-டைப் என்று ஒரு வரி வருமே, அதுதான் இந்தப் பெயர்வழி முடிவு. எக்ஸ்டென்ஷன் இல்லாத கோப்பை உங்கள் வட்டுக்கு நகலெடுத்துப் பாருங்கள். சரியாகத் தெரிந்தால் கோளாறு எதுவும் இல்லை. அங்கே இருக்கும் கோப்புக்கு எக்ஸ்டென்ஷன் வையுங்கள், போதும்.

அறிகுறி: நீங்களே கம்பைல் செய்த நிரல் 'ஷேர்ட் லைப்ரரி' என்று தெரிகிறது

இன்றைய கம்பைலர்கள் பல விநியோகங்களில் இயல்பாகவே பிஐஇ என்ற, நினைவகத்தில் எந்த முகவரியிலும் ஏற்றக்கூடிய வடிவில் நிரலை உருவாக்குகின்றன. ஈஎல்எஃப் (லினக்ஸ் நிரல்கள் சேமிக்கப்படும் வடிவம்) கோப்பின் தலைப்பில் வகையைச் சொல்லும் புலம் ஒன்று இருக்கிறது. பழைய பாணி நிரலுக்கு அதில் 2. பிஐஇ நிரலுக்கு 3. பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகமான ஷேர்ட் லைப்ரரிக்கும் அதே 3. பழைய தரவுத்தளங்கள் இதைப் பார்த்து லைப்ரரி என்று சொல்லிவிடும். புதியவற்றில் பிஐஇ நிரலுக்கென்று தனி வகை உண்டு. ஆகவே முதலில் ஷேர்ட்-மைம்-இன்ஃபோ பொதியைப் புதுப்பியுங்கள். முடியாவிட்டால் டெர்மினலில் இயக்குங்கள், அல்லது அந்த நிரலுக்கு ஒரு .டெஸ்க்டாப் கோப்பு (செயலியை டெஸ்க்டாப்புக்கு அறிமுகப்படுத்தும் சிறு விவரக் கோப்பு) எழுதி வையுங்கள். -நோ-பிஐஇ கொடுத்துக் கம்பைல் செய்யச் சொல்லும் அறிவுரையும் உண்டு. அதனால் ஐகான் சரியாகும், ஆனால் நிரலின் ஒரு பாதுகாப்பு அடுக்கை இழப்பீர்கள். ஓர் ஐகானுக்காக அதைச் செய்ய வேண்டாம்.

அறிகுறி: வகையின் பெயரே விசித்திரமாக இருக்கிறது

ஜிஐஓ இன்ஃபோவில் அப்ளிகேஷன்/எக்ஸ்-எக்ஸ்டென்ஷன்- என்றோ அப்ளிகேஷன்/எக்ஸ்-வைன்-எக்ஸ்டென்ஷன்- என்றோ தொடங்கும் வகை வந்தால், உங்கள் ஹோம் கோப்புறையில் ஏதோ ஒரு மென்பொருள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

ஒரு செயலி 'இந்த எக்ஸ்டென்ஷனுக்கு நான்தான் இயல்புச் செயலி' என்று கேட்டுக்கொள்ளும்போது, ஜிலிப் நூலகம் ~/.லோக்கல்/ஷேர்/மைம்/பேக்கேஜஸ் கோப்புறையில் யூசர்-எக்ஸ்டென்ஷன்- என்று தொடங்கும் ஒரு எக்ஸ்எம்எல்லை எழுதி, புது வகை ஒன்றையே உருவாக்கிவிடும். வைன் வழியாக விண்டோஸ் மென்பொருள் நிறுவும்போது, அந்த மென்பொருள் பதிவு செய்யும் எக்ஸ்டென்ஷன்களுக்கு வைன் இதே கோப்புறையில் எக்ஸ்-வைன் என்று தொடங்கும் கோப்புகளை எழுதும். டெக்ஸ்ட் கோப்புகளெல்லாம் திடீரென்று வைனின் நோட்பேடில் திறப்பதற்கு அதுவே காரணம்.

பேக்கேஜஸ் கோப்புறையைத் திறந்து பாருங்கள். அந்த இரண்டு வகைக் கோப்புகளையும் வேறு இடத்துக்கு நகர்த்தி வையுங்கள், உடனே அழிக்க வேண்டாம். ~/.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் கோப்புறையில் வைன்-எக்ஸ்டென்ஷன்- என்று தொடங்கும் .டெஸ்க்டாப் கோப்புகளையும் நகர்த்துங்கள். பிறகு அப்டேட்-மைம்-டேட்டாபேஸ், அப்டேட்-டெஸ்க்டாப்-டேட்டாபேஸ் இரண்டையும் அந்தந்தக் கோப்புறைகளுக்கு ஓட்டுங்கள். வைன் திரும்ப எழுதாமல் இருக்க, வைன்சிஎஃப்ஜியில் டெஸ்க்டாப் இன்டகிரேஷன் தாவலில் கோப்பு வகை இணைப்புகளுக்கான டிக்கை எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: எல்லாக் கோப்புகளுமே அடையாளம் இழந்துவிட்டன

ஒரே இரவில் எல்லாமே வெள்ளைத் தாள் ஐகானாகிவிட்டால் தரவுத்தளமே கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் புதிய பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி உள்ளே போய்ப் பாருங்கள். அங்கேயும் கெட்டிருந்தால் கோளாறு கணினி முழுமைக்கும் உரியது: ரூட் உரிமையோடு அப்டேட்-மைம்-டேட்டாபேஸ் /யுஎஸ்ஆர்/ஷேர்/மைம் என்று ஓட்டுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் ஷேர்ட்-மைம்-இன்ஃபோ பொதியை மறுநிறுவல் செய்யுங்கள். இடையில் நின்றுபோன கணினிப் புதுப்பித்தலுக்குப் பிறகு மைம்.கேச் என்ற, தரவுத்தளத்தின் தொகுத்த கோப்பு அரைகுறையாக இருப்பதுண்டு.

புதிய கணக்கில் நன்றாக இருந்தால் உங்கள் ஹோம் கோப்புறையில்தான் தேட வேண்டும். அதிகம் கவனிக்கப்படாத ஒரு காரணம் எக்ஸ்டிஜி_டேட்டா_டிர்ஸ் என்ற சூழல் மாறி. அதில் எதுவும் இல்லாவிட்டால் /யுஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர், /யுஎஸ்ஆர்/ஷேர் இரண்டும் இயல்பாக எடுத்துக்கொள்ளப்படும். ஏதோ ஒரு மென்பொருளின் நிறுவல் குறிப்பைப் பார்த்து, .புரொஃபைல் கோப்பில் அதற்கு ஒரே ஒரு பாதையை மட்டும் கொடுத்திருந்தால், இயல்பான இரண்டும் காணாமல் போய்விடும். எக்கோ செய்து பாருங்கள். /யுஎஸ்ஆர்/ஷேர் இல்லையென்றால் சேர்த்துவிட்டு, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

~/.லோக்கல்/ஷேர்/மைம் கோப்புறையின் உரிமையாளர் யார் என்றும் பாருங்கள். சுடோ போட்டு ஓட்டிய ஒரு கட்டளையால் அது ரூட்டின் பெயரில் இருந்தால், உங்கள் திருத்தங்கள் எதுவும் ஏறாது.

அறிகுறி: வகை சரி, செயலிதான் தப்பு

இங்கேதான் ஓபன் வித் வைத்தியம் பொருத்தமானது. 'எக்ஸ்டிஜி-மைம் குவெரி டிஃபால்ட்' என்று அடித்து வகையின் பெயரைக் கொடுத்தால் இப்போதைய செயலியின் .டெஸ்க்டாப் கோப்பு தெரியும். 'எக்ஸ்டிஜி-மைம் டிஃபால்ட்' என்று அடித்து .டெஸ்க்டாப் கோப்பின் பெயரையும் வகையையும் கொடுத்தால் மாறும். எழுதப்படுவது ~/.கான்ஃபிக்/மைம்ஆப்ஸ்.லிஸ்ட் கோப்பில். மாற்றியும் பலனில்லை என்றால், அதே கோப்புறையில் குனோம்-மைம்ஆப்ஸ்.லிஸ்ட் அல்லது கேடிஇ-மைம்ஆப்ஸ்.லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். டெஸ்க்டாப்பின் பெயர் தாங்கிய கோப்புக்குத்தான் முதல் மரியாதை.

கோப்புறை எடிட்டரில் திறக்கும் சிக்கலும் இந்த அடுக்குதான். கோப்புறைக்கும் ஐநோட்/டைரக்டரி என்று ஒரு வகை உண்டு. சில எடிட்டர்கள் தங்களால் கோப்புறையையும் திறக்க முடியும் என்று தங்கள் .டெஸ்க்டாப் கோப்பில் அறிவித்துக்கொள்கின்றன. நீங்கள் இயல்புச் செயலியைத் தேர்ந்தெடுத்து வைக்காவிட்டால் பட்டியலில் அவை முந்திக்கொள்ளக்கூடும். ஐநோட்/டைரக்டரிக்கு உங்கள் கோப்பு மேலாளரின் .டெஸ்க்டாப் கோப்பை இயல்பாக்கிவிடுங்கள்.

எஸ்விஜி படம் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் அது வேறு கதை. எஸ்விஜி எக்ஸ்எம்எல்லின் கிளை, எக்ஸ்எம்எல் உரையின் கிளை. படம் காட்டும் செயலி எதுவும் எஸ்விஜிக்கு முன்வராவிட்டால், மேல்வகைக்கு உரிய எடிட்டர் எடுத்துக்கொள்ளும். செயலி ஒன்றை நிறுவினால் தீரும்.

அறிகுறி: எல்லாம் சரிசெய்தாகிவிட்டது, திரையில் மாற்றமே இல்லை

ஓடிக்கொண்டிருக்கும் கோப்பு மேலாளர் பழைய தகவலை நினைவில் வைத்திருக்கும். சாளரத்தை மூடினால் போதாது, பின்னணியில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். நாட்டிலஸுக்கும் துனாருக்கும் -க்யூ கொடுத்து நிறுத்தி, திரும்பத் திறங்கள். கேடிஇயில் கேபில்ட்சைகோகா6 (பழைய பிளாஸ்மாவில் 5) ஓட்டுங்கள்.

ஜிஐஓ இன்ஃபோ சரியான வகையைச் சொல்கிறது, செயலியும் சரியாகத் திறக்கிறது, சிறுபடம் மட்டும் வரவில்லை என்றால் ~/.கேச்/தம்ப்நெயில்ஸ் கோப்புறைக்குள் ஃபெயில் என்ற கோப்புறையைப் பாருங்கள். ஒரு கோப்புக்குச் சிறுபடம் உருவாக்குவதில் ஒருமுறை தோற்றால் அந்தத் தோல்வி அங்கே பதிவாகிவிடும். கோப்பு மாறாதவரை மறுபடி முயலாது. ஃபெயில் கோப்புறையை அழித்துவிட்டுக் கோப்பு மேலாளரை மறுபடி திறந்தால், சிறுபடங்கள் புதிதாக உருவாகத் தொடங்கும்.